‘அதே’ என்று எழுதிய பக்கம்

செய்தி வந்தபோது நான் மூன்றாம் ஆண்டு மாணவர்களின் செய்முறைத் தேர்வில் மேற்பார்வைக்கு நின்றுகொண்டிருந்தேன். துறையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி: ‘நம் ஞானராஜ் சார் இன்று காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.’ நான் படித்து முடிப்பதற்குள் அதன் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நானும் ஒன்று போட்டேன். ஒரு மாணவி வந்து பியூரெட் குழாய் ஒழுகுகிறது என்றாள். வேறு எடுத்துக் கொடுத்தேன். அழுகை வரவில்லை.

ஐம்பத்து நான்கு வயது. கணையத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து நான்கு மாதம்தான் இருந்தார். காட்டாங்குளத்தூரில் எங்கள் கல்லூரியின் வேதியியல் துறையில் என்னைவிட மூன்று வருடம் முன்னதாகச் சேர்ந்தவர். அடுத்த வாரம் இரங்கல் கூட்டம் நடந்தது. துறைத்தலைவர் என்பதால் நான்தான் தலைமை. இரங்கல் கூட்டங்களில் போனவர்கள் எல்லோரும் ஒரு மணி நேரத்துக்கு உத்தமர்கள் ஆகிவிடுவார்கள். ஞானராஜ் சாருக்கு மட்டும் அதிலும் ஒரு குறை வைத்தார்கள். ‘அந்த ஒரு சறுக்கலைத் தவிர அப்பழுக்கில்லாத வாழ்க்கை’ என்று ஒருவர் பேசினார். முன்வரிசையில் தலைகள் ஆடின. சாரின் மனைவி எஸ்தர் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு கீழே பார்த்தார். நான் தலைமை நாற்காலியில் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். இது அதைவிட நீளும். பதினோரு வருடங்களுக்கு முன்னால் எங்கள் இருவர் பெயரிலும் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையை அவர் திரும்பப் பெற்றார் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தவறு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தார் என்பதும் தெரியும். தவறு அவருடையது அல்ல என்பது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், வேதியியல் படிக்காதவர்களும் இதை வாசிப்பார்கள். கந்தகம் உள்ள சில சேர்மங்களின் மேல் ஓர் ஆக்சிஜன் அணுவை ஏற்றினால் மருந்துக்குப் பயன்படும் பொருள் கிடைக்கும். நாம் வயிற்று எரிச்சலுக்கு விழுங்கும் மாத்திரைகளில் சில அந்த வகைதான். வழக்கமாக இதற்குக் கடுமையான திரவங்களை ஊற்றுவார்கள். கழிவு நிறைய வரும். அவற்றை விட்டுவிட்டு வெறும் ஆக்சிஜன் வாயுவாலேயே செய்ய முடியுமா என்பதுதான் எங்கள் கேள்வி. ஆக்சிஜன் சும்மா வந்து ஏறாது. ஏற்றிவிட ஒரு வினையூக்கி வேண்டும். ஏற ஆரம்பித்தால் நிற்கவும் நிற்காது, இரண்டாவது அணுவும் ஏறிவிடும். அப்புறம் அது எதற்கும் உதவாது. ‘ஒண்ணு ஏறினா மருந்து, ரெண்டு ஏறினா குப்பை. எங்க நிறுத்தணும்னு தெரியணும் மேடம், அவ்வளவுதான் நம்ம தொழில்’ என்பார் ஞானராஜ் சார்.

அந்தச் சேர்மங்களின் நாற்றத்தை எழுதிக் காட்ட முடியாது. கெட்டுப்போன முட்டைகோஸ் பக்கத்தில் வரும், ஆனால் அதைவிட மோசம். கைகளில், தலைமுடியில், டிபன் பையில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். அவர் சேலையூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார், நான் மாடம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவேன். தாம்பரத்தில் சேர்ந்து எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறுவோம், மாலையில் அதே போலத் திரும்புவோம். ஒருநாள் மாலை எங்களுக்கு எதிரே கொய்யாக்கூடையோடு உட்கார்ந்த அம்மா மூக்கைச் சுளித்தார். “இன்னா சார், பையில பெருச்சாளி செத்துக் கீதா?” என்றார். ஞானராஜ் சார் பையைத் திறந்து காட்டினார். “பையில இல்லம்மா. நான்தான். சோப்பு போட்டாலும் போக மாட்டேங்குது.” அந்த அம்மா கூடையை இரண்டடி நகர்த்திக்கொண்டார். ஆனால் வண்டலூர் தாண்டும்போது அவரே ஒரு கொய்யாவைத் துடைத்து நீட்டினார். “துன்னு சார். இன்னா வேலையோ பாவம்.” தாம்பரம் வரும்வரை ஞானராஜ் சார் சிரித்துக்கொண்டே அதைத் தின்றார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கள் தொழிலில் ‘பிளாங்க்’ என்று ஒன்று ஓட்ட வேண்டும். வினையூக்கியை மட்டும் போடாமல் மற்றதையெல்லாம் அப்படியே வைத்துச் செய்து பார்ப்பது. ஒன்றும் நடக்கக் கூடாது. நடந்தால் வேலை செய்வது வினையூக்கி அல்ல, வேறு ஏதோ என்று அர்த்தம். பலபேர் இதைக் கடைசியில் ஒப்புக்கு ஒருமுறை செய்வார்கள். அவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் செய்வார். மாணவர்கள் அதற்கு ‘ஞானராஜ் சாரின் திங்கள் விரதம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். “ஞாயித்துக்கிழமை சர்ச்சு, திங்கக்கிழமை விரதம், சார் ரெண்டு பக்கமும் சீட்டு பிடிச்சு வெச்சிருக்கார்” என்று அவர் காதுபடவே பேசுவார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். ‘இல்லாம நடக்குதான்னு பார்த்துட்டு, இருந்ததால நடந்துச்சுன்னு சொல்லுங்க’ என்பது அவர் எல்லோரிடமும் சொல்லும் வார்த்தை. அவருடைய கணக்கில் குடுவை அதே, காந்தம் அதே, ஆள் அதே. வினையூக்கிப் பொடி மட்டும்தான் இருக்கக் கூடாது.

காந்தம் என்றது குடுவைக்குள் சுழன்று கலக்குகிற காந்தத் துண்டு. பாதிச் சுண்டுவிரல் நீளம், வெள்ளை டெஃப்லான் உறை. நாங்கள் ‘பீட்’ என்போம். பார்த்தால் பெரிய மாத்திரை மாதிரி இருக்கும். என் மேசையில் ஒரு பழைய பீட் இருந்தது, இந்த வேலைக்கு எடுத்த குடுவைக்கு அதுதான் அளவாகப் பொருந்தும். அதற்கு முந்தைய வருடம் நான் கோபால்ட் உப்புகளோடு வேலை செய்தபோதும் அதைத்தான் பயன்படுத்தினேன். அதன் உறையில் மயிரிழை போல ஒரு விரிசல் விழுந்திருந்தது. நான் கவனிக்கவில்லை.

நாங்கள் கண்டுபிடித்ததாக நினைத்தது ஒரு கரித்தூள். உலோகமே இல்லாத கரித்தூள், பலூனில் பிடித்த ஆக்சிஜனைக் கொண்டு சரியாக ஒரே ஓர் அணுவை ஏற்றிவிட்டு நின்றது. பலூன் என்றால் நிஜமான பலூன், கேம்ப் ரோட்டுக் கடையில் பிறந்தநாளுக்கு விற்கிற வண்ணப் பலூன். அதைக் குடுவையின் வாயில் மாட்டுவோம். காலையில் உப்பியிருந்த பலூன் மாலையில் சுருங்கி, குடுவையின் நாற்றமும் போயிருந்தால் வேலை நடந்தது என்று தெரியும். மூன்று முறை செய்தேன், மூன்றுக்கும் அந்தப் பழைய பீட்தான். மூன்று முறையும் நாற்றம் போனது. ஞானராஜ் சார் குடுவையை மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவர் சந்தோஷப்பட்டால் அப்படித்தான் பேச்சு நின்றுவிடும்.

அவருடைய திங்கள் விரதம் அவர் மேசைக் குடுவைகளோடு நின்றுவிடும், கட்டுரைக்கான பிளாங்க்கை ஓட்டியது நான். பழைய பீட் அன்று இன்னொரு குடுவையில் சுழன்றுகொண்டிருந்தது. அது முடியக் காத்திருந்து ஆரம்பித்தால் மாலையில் என் ட்ரெயின் போய்விடும். மகளின் பள்ளியில் அன்று கூட்டம். கட்டுரையை மறுநாள் அனுப்புவதாகப் பேச்சு. பாக்கெட்டைப் பிரித்து ஒரு புதுப் பீட்டை எடுத்துப் போட்டேன். ஒரு பீட்டில் என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். மாலைவரை ஒன்றும் நடக்கவில்லை, நாற்றம் அப்படியே இருந்தது. எல்லாம் சரி. ஆய்வக நோட்டில் எழுதினேன்: ‘பிளாங்க். பொடி இல்லை. குடுவை: அதே. பீட்: அதே.’ ஞானராஜ் சார் பக்கத்தைப் பார்த்து, “எல்லாம் அதேதானே?” என்றார். ஆமாம் என்றேன். கீழே கையெழுத்துப் போட்டார்.

கட்டுரை வந்தது. நாலு பேர் பாராட்டினார்கள். கல்லூரி வாசலில் எங்கள் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார்கள், அதில் அவர் கண்களை மூடியிருந்தார். சில மாதங்களில் வேறொரு நாட்டு ஆய்வகத்திலிருந்து மரியாதையாக ஒரு கடிதம் வந்தது. உங்கள் கரித்தூளைச் செய்து பார்த்தோம், எதுவும் நடக்கவில்லை, எங்கே தவறுகிறோம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்கள். ஞானராஜ் சார் மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினார். நான் கிட்டே போகவில்லை. ஒருநாள் காலை என்னைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு குடுவைகள், ஒன்றில் சிவப்புப் பலூன், மற்றதில் மஞ்சள்.

“மேடம், இந்தச் சிவப்புல நம்ம பொடி இருக்கு, புது பீட். ஒண்ணுமே நடக்கல. மஞ்சள்ல பொடி கிடையாது. உங்க பழைய பீட் மட்டும்தான். மோந்து பாருங்க.”

மோந்து பார்த்தேன். நாற்றம் இல்லை.

அவர் இடுக்கியால் அந்தப் பீட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். விரிசலுக்குள் பழுப்பாக ஒரு கோடு. கோபால்ட். வேலை செய்தது கரித்தூள் அல்ல, என் பழைய அழுக்கு.

“பிளாங்க் ஓட்டின அன்னைக்கு இதே பீட்தானா?”

“ஆமா சார்.”

வாயால் சொன்ன இரண்டாவது பொய். அதே பீட்டாக இருந்திருந்தால் அன்றைக்கு பிளாங்க்கிலும் நாற்றம் போயிருக்க வேண்டும். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குக்கூட இது புரியும். அவருக்கு நான் வாயைத் திறந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. இடுக்கியில் இருந்த பீட்டை ஒரு குப்பியில் போட்டு மூடினார். பிறகு, “உங்க கன்ஃபர்மேஷன் லெட்டர் எப்ப வருது?” என்று கேட்டார்.

“அடுத்த மாசம் சார்.”

“சரி. அது வந்துடணும்.”

நான் அப்போது தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். என் கணவருக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. நோட்டில் பொய் எழுதினேன் என்று தெரிந்தால் அன்றோடு முடிந்தது. அவருக்கு இதெல்லாம் தெரியும், ரயிலில் நான் சொல்லியிருக்கிறேன். மறுநாள் அவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தை என்னிடம் காட்டினார். பிளாங்க் சோதனை சரியாகச் செய்யப்படவில்லை, அதைச் சரிபார்க்காமல் ஒப்பமிட்டது தன் கவனக்குறைவு, முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று இருந்தது. “பார்க்காம கையெழுத்துப் போட்டது நான்தானே மேடம், அது பொய் இல்லையே” என்றார். நான் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

எனக்கு வேலை நிரந்தரமானது. அவரிடமிருந்த இரண்டு ஆய்வு மாணவர்கள் வேறு வழிகாட்டிகளிடம் மாற்றப்பட்டார்கள். ஒருத்தி என்னிடமே வந்தாள். துறைத்தலைவர் பதவி அவருக்கு வர வேண்டியது. வரவில்லை. பொறியியல் முதலாம் ஆண்டுக்கு நீரின் கடினத்தன்மையையும் துருப்பிடிப்பதையும் பதினோரு வருடம் நடத்திக்கொண்டிருந்தார். நான் ரயிலை விட்டுக் கல்லூரிப் பேருந்துக்கு மாறினேன். அவரால் என் கட்டுரை போனதென்று எனக்குக் கோபம் என்று துறையில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. அதுவும் வசதியாகத்தான் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கம், அதற்குக் கோபம் என்று பெயர் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

நான் துறைத்தலைவர் ஆன பிறகு ஆய்வகத்துக்கு ஒரு விதி கொண்டுவந்தேன். பிளாங்க் ஓட்டும்போது அதே குடுவை, அதே பீட் என்று புகைப்படம் எடுத்து ஒட்ட வேண்டும். கூட்டத்தில் அதை வாசித்தபோது யார் பக்கமும் திரும்பாமல்தான் வாசித்தேன். கடைசி வரிசையிலிருந்து அவர் குரல் வந்தது. “நல்ல ரூல் மேடம்.” அதில் குத்தல் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். இல்லை. நிஜமாகவே நல்ல விதி என்றுதான் சொன்னார்.

அவர் போவதற்கு மூன்று வாரம் முன்பு சேலையூரில் அவர் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கட்டிலில் ஆளே பாதியாகக் கிடந்தார். எஸ்தர் அக்கா ஹார்லிக்ஸ் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார். “சார், அந்த பிளாங்க்…” என்று ஆரம்பித்தேன். அவர் சட்டென்று மனைவியைப் பார்த்து, “எஸ்தர், வெயில் மூஞ்சில அடிக்குது, அந்த ஸ்கிரீனை இழுத்து விடேன்” என்றார். அக்கா ஜன்னல் பக்கம் போனதும் சார் என்னிடம் மெதுவாக, “அவளுக்குத் தெரியாது. விடுங்க மேடம்” என்றார். பிறகு சத்தமாக, “ட்ரெயின் எல்லாம் இப்பவும் லேட்டுதானா?” என்று கேட்டார். நான் ரயிலில் வருவதில்லை என்பது அவருக்குத் தெரியும். லேட்டுதான் சார் என்றேன். வீட்டு கேட்டைத் தாண்டியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இரங்கல் கூட்டம் முடிந்து நான்கு நாள் கழித்து எஸ்தர் அக்கா கூப்பிட்டார். கல்லூரிச் சாமான்கள் கொஞ்சம் பீரோவில் இருக்கின்றன, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார், போனேன். ஒரு துணிப்பையில் ஆய்வகச் சாவிகள், கந்தகக் கறை பிடித்த வெள்ளைக் கோட்டு, பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு. அட்டையில் என் கையெழுத்து. ரப்பர் பேண்டில் அதோடு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியும் இருந்தது. உள்ளே அந்தப் பீட். ஆய்வக வழக்கப்படி குப்பியில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தார்: ‘சுமதி மேடம்.’

பக்கத்தைத் தேடி எடுத்தேன். ‘பீட்: அதே.’ அப்படியே இருந்தது. நோட்டில் எந்தப் பக்கத்தையும் கிழிக்கக் கூடாது என்பது அவர் விதி. கிழித்திருந்தால் எனக்கு நல்லது, கிழிக்காமல் ஆய்வகத்திலேயே விட்டிருந்தால் அவருக்கு நல்லது. யாராவது ஒருநாள் பிரித்துப் பார்த்திருப்பார்கள். அவர் இரண்டையும் செய்யாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டார்.

அங்கேயே நின்றுகொண்டு எஸ்தர் அக்காவிடம் சொன்னேன். அவர் பள்ளியில் கணக்கு எடுப்பவர், இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அப்போ அவரு பண்ணலையா?”

“இல்லக்கா. நான்தான்.”

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “பதினோரு வருஷம் மேடம். எதுக்குச் சண்டை வந்தாலும் கடைசில அங்கதான் வந்து நிப்பேன். ‘உங்க கவனக்குறைவால பையன் முன்னாடி நம்ம தலை குனிஞ்சு போச்சு’ன்னு சொல்லுவேன். ஆஸ்பத்திரில கடைசி வாரம்கூட ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். ‘ஆமா, கவனமா இருந்திருக்கணும்’னு சொன்னாரு.”

நோட்டில் தவறிருந்தால் எப்படித் திருத்துவது என்பதற்கும் ஞானராஜ் சாரிடம் ஒரு முறை உண்டு. அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு, அதுவும் அடியில் இருக்கும் சொல் வாசிக்கத் தெரிகிற மாதிரி. பக்கத்தில் சரியான சொல், கையெழுத்து, தேதி. பேனா கேட்டேன். எஸ்தர் அக்கா பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவைக் கொடுத்தார். ‘அதே’ என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, ‘வேறு’ என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டேன். கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது.

அவர் நோட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். “இது இங்க இருக்கட்டும். பையன் வந்தா காட்டணும்.” குப்பியை என் கையில் வைத்தார். “இதுல உங்க பேருதான் போட்டிருக்கு.” வாசல்வரை வந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “எல்லாருக்கும் சொல்லுவீங்களா?”

“மலர்ல எழுதறேன்க்கா.”

“எழுதிட்டு வாங்க. அதுவரைக்கும் இங்க வராதீங்க.”

எழுதிவிட்டேன். இதன் நகல் கல்லூரி முதல்வருக்கும், அந்தக் கடிதத்தை வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியருக்கும் போயிருக்கிறது. அவர்கள் என்ன செய்தாலும் சரி. இனி யாராவது அந்தச் சறுக்கலைப் பற்றிப் பேசினால் என் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

ஞானராஜ் சாருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் குப்பி மட்டும்தான். அதுவும் என்னுடையதுதான், அவர் எனக்காகப் பதினோரு வருடம் வைத்திருந்தார். பீட்டை நான் கழுவவில்லை. விரிசலுக்குள் பழுப்புக் கோடு இன்னும் இருக்கிறது. மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு தாம்பரம்வரை ரயிலில் போய், அங்கிருந்து சேலையூர் போக வேண்டும். கதவைத் திறப்பாரா என்று தெரியவில்லை.